ஒரே உலை: தியோபிலஸ் அப்பாவுவின் இசையும் நம் விடுதலையும்



தலித் கலை இலக்கிய வரலாற்றைப் பேசும்போது நாம் கவிதையை எடுக்கிறோம், நாவலை எடுக்கிறோம், தன்வரலாற்றை எடுக்கிறோம். பாட்டை எடுக்கும்போதும் மேடைப் பாட்டோடும் இயக்கப் பாட்டோடும் நின்றுவிடுகிறோம். தேவாலயத்துக்குள் ஞாயிறுதோறும் பாடப்படும் பாட்டை நம் வரலாற்றின் பகுதியாக நாம் பார்ப்பதில்லை. அது மதம் சார்ந்த சங்கதி, நமக்கெதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தமிழகத்துத் திருச்சபைகளில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் நம் மக்கள். அவர்கள் எந்த மெட்டில் பாடினார்கள், எந்த மெட்டில் பாடக் கூடாது என்று சொல்லப்பட்டது, யார் சொன்னார்கள் என்பதெல்லாம் சாதியின் வரலாறுதான். அந்த வரலாற்றில் ஒரு மனிதரை இந்த நினைவுச் சொற்பொழிவில் முன்வைக்க விரும்புகிறோம். அவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர்களும் ஊர் மக்களும் அவரைப் 'பரட்டை' என்றார்கள். அவரும் அந்தப் பெயரையே விரும்பி வைத்துக்கொண்டார்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அவர் ஆசிரியர். போதகர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், இசையமைப்பாளர். விவிலியத்தின் கருத்துகளைத் தமிழ் நாட்டுப்புற மெட்டில் வைத்து, மேற்கத்திய இசையின் ஒத்திசைவையும் சேர்த்துப் பாட்டுக் கட்டியவர். 'கிழக்கும் மேற்கும் கலந்த இசை' என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அது ஒரு ரசனை விஷயமாகிவிடும். யாருடைய கிழக்கு என்று நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தேட, இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

பாட்டும் இருக்கையும்

1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தார்கள். மெட்டு ஐரோப்பிய மெட்டு, சொல் தமிழ்ச்சொல். தமிழின் சந்தத்துக்கும் அந்த மெட்டுக்கும் பொருத்தம் குறைவு. குறில் விழ வேண்டிய இடத்தில் நெடில் இழுபடும். இருந்தாலும் சபைகள் பாடின.

இந்தக் குறையைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, அவரிடம் பயின்றவர். மன்னர் சரபோஜியும் சுவார்ட்ஸிடம் படித்தவர்தான். சாஸ்திரியார் 1800இல் 'பெத்லகேம் குறவஞ்சி'யை எழுதினார். ராகமும் தாளமும் அமைந்த அவருடைய கீர்த்தனைகள் இன்றும் எல்லாச் சபைகளிலும், நம் சேரிச் சபைகளிலும், பாடப்படுகின்றன. அவருடைய கவித்துவத்தை நாம் மறுக்கவில்லை. அவரையும் அவர் காலத்துச் சாதியையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைத்தான் சொல்கிறோம்.

1820களில் புதிய தலைமுறை மிஷனெரிகள் தஞ்சைக்கு வந்தார்கள். கோயிலுக்குள் சாதிவாரியாக உட்காருவதை நிறுத்த வேண்டும், நற்கருணையில் எல்லாரும் ஒன்றாகப் பங்குகொள்ள வேண்டும் என்றார்கள். சாஸ்திரியாரும் தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களும் எதிர்த்தார்கள். 1829ஐ ஒட்டி எழுந்த எழுத்துகளில் சாஸ்திரியார் தரப்பு நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டது. தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்தியது மற்றொன்று. விழாவிலும் திருமணத்திலும் சாவிலும் பூக்களை விலக்கியது மூன்றாவது. கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுத்தது நான்காவது.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். தமிழ்ப் பாட்டுக்கான உரிமையும் தனி இருக்கைக்கான உரிமையும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. எதிர்த்தரப்பும் அதே முடிச்சைத்தான் போட்டது: தனி இருக்கையை ஒழிக்க நினைத்த அதே கை, தமிழ் இசையையும் கோயிலிலிருந்து விலக்க நினைத்தது. சமத்துவம் வேண்டுமென்றால் ஐரோப்பிய மெட்டு. தமிழ் மெட்டு வேண்டுமென்றால் சாதி இருக்கை. இரண்டுக்கும் நடுவில் நின்ற பறையர் கிறிஸ்தவரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவருக்குச் சொந்தமாக ஓர் இசை இருந்தது. இரண்டு தரப்புமே அதை இசையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறவஞ்சி என்ற வடிவமே குறத்தி வந்து குறி சொல்லும் வடிவம். காவியத்துக்குள் விளிம்பில் வாழும் பெண் வரலாம், ஆடலாம், பாடலாம். கோயிலுக்குள் அப்படிப்பட்ட பெண் வந்தால் எங்கே உட்காருவது என்பது தகராறு. இலக்கியம் தரும் இடமும் வாழ்க்கை தரும் இடமும் வேறுவேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைகளிலிருந்து அறவே நீக்கும்படி ஆணையிட்டார். பலர் கிண்ணத்தைத் தொட மறுத்து விலகினார்கள். சாதி விஷயத்தில் நெகிழ்வாக இருந்த வேறு மிஷன்களை நாடிப் போனவர்களும் உண்டு. பாட்டுத் தகராறு மட்டும் எளிதாகத் தீர்ந்தது. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன்பின் பாமாலையும் கீர்த்தனையும் சபையில் அருகருகே இடம்பிடித்தன. மேற்கு ஒரு பக்கம், கிழக்கு ஒரு பக்கம். அந்தக் கிழக்கு என்பது கர்நாடக இசை. அதாவது அரண்மனையும் அக்கிரகாரமும் ஒப்புக்கொண்ட இசை.

பறைக்கு என்ன ஆனது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், குறிப்பாக 1876–78 பெரும்பஞ்சத்தைத் தொடர்ந்து, தலித் மக்கள் ஊர் ஊராகத் திருச்சபையில் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் கிடைத்தது. எழுத்து கிடைத்தது. சில இடங்களில் நிலமும் கிடைத்தது. அந்த லாபத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் வாசலில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அது பறை.

மிஷனெரிக்கு அது பேய்க்கொடையின் கருவி. ஊர்க்காரருக்கு அது சாவு மேளம். சாதி இந்துவுக்கு அது தீட்டு. படித்து மேலேறிய நம் ஆட்களுக்கோ அது மறக்க வேண்டிய நினைவு. நால்வரும் நான்கு காரணத்துக்காக ஒரே முடிவுக்கு வந்தார்கள். கோயிலில் ஆர்மோனியம் இருந்தது, வயலின் இருந்தது, வசதியான இடங்களில் ஆர்கனும் இருந்தது. தோல் கருவி என்றால் மிருதங்கமும் தபலாவும். அவையும் தோல்தான். அந்தத் தோலுக்குத் தீட்டில்லை.

இசை வழியே மேலேறுவது என்பது அந்தக் காலத்தின் நியாயமான ஆசை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். சுருதிகளைக் கணக்கிட்டு, தமிழிசையின் தொன்மையை நிறுவி, வித்துவான்களோடு வாதாடினார். அவரும் கிறிஸ்தவர். அக்காலத்தில் ஆலய நுழைவு மறுக்கப்பட்டிருந்த நாடார் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் மதிப்புப் பெறுவதற்குத் தொன்மையையும் சாஸ்திரத்தையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அந்த உழைப்பு ஏற்றுக்கொண்டது. களத்துமேட்டில் பாடும் பெண்ணிடம் காட்டுவதற்கு அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் கிடையாது. அவள் பாட்டுக்கு மதிப்பு வரவேண்டுமானால் வேறு அளவுகோல் வேண்டும்.

அரசரடியில்

அந்த வேறு அளவுகோலைத் தேடியவர்களில் முக்கியமானவர் அப்பாவு. 1980களின் தொடக்கத்தில் அரவிந்த் நிர்மல் பெங்களூரில் சூத்திர இறையியல் பற்றிப் பேசினார். அது வளர்ந்து தலித் இறையியல் ஆனது. 1986இல் அப்பாவுவின் 'ஃபோக்லோர் ஃபார் சேஞ்ச்' நூல் மதுரையில் வெளிவந்தது. நாட்டுப்புறக் கலையை அருங்காட்சியகத்தில் வைக்கும் பொருளாகப் பார்க்காமல், சமூக மாற்றத்துக்கான ஊடகமாகப் பார்த்த நூல் அது.

காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு' வருகிறது. 1993இல் ராஜ் கௌதமனின் 'தலித் பண்பாடு' வருகிறது. 1995இல் கொடியங்குளம். 1997இல் மதுரைக்குப் பக்கத்தில் மேலவளவு. இந்த ஆண்டுகளில்தான் அப்பாவுவின் 'கிராமிய இசை வழிபாடு' உருவாகிப் பரவியது. வழிபாட்டு ஒழுங்கை நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். பாமா கத்தோலிக்கச் சூழலிலிருந்து வந்து சேரித் தமிழை இலக்கியமாக்கினார். அப்பாவு புராட்டஸ்டன்ட் சூழலில் சேரித் தமிழை வழிபாடாக்கினார். இரண்டையும் ஒரே அலையின் பகுதிகளாக நாம் படிக்க வேண்டும். 'கருக்கு' பாடத்திட்டத்துக்குள் போனது. வழிபாட்டு இசை நம் இலக்கிய வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புக்குள்கூட வரவில்லை.

அவர் என்ன செய்தார்

அப்பாவு மேற்கத்திய இசையும் அறிந்தவர், கீர்த்தனை மரபும் அறிந்தவர். நாட்டுப்புற இசையை அவர் தேர்ந்தது வேறு எதுவும் தெரியாததால் அல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும். அவர் அதைத் தேர்ந்ததன் காரணங்கள் மிகவும் நடைமுறை சார்ந்தவை.

கர்நாடகக் கீர்த்தனையைச் சரியாகப் பாடப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் காசும் நேரமும் வேண்டும். காசும் நேரமும் உள்ளவர் முன்வரிசையில் பாடுவார், மற்றவர் பின்னால் முணுமுணுப்பார். பாமாலைக்கு அச்சடித்த புத்தகம் வேண்டும், படிக்கத் தெரிய வேண்டும். கும்மிக்குக் கை போதும். தெம்மாங்குக்குத் தொண்டை போதும். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பின்பாடுவதால், எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் முதல் தடவையிலேயே சேர்ந்துகொள்வார். மறந்துபோனால் இட்டுக்கட்டிக்கொள்ளலாம். அது பிழை ஆகாது.

கடைசியாகச் சொன்னதுதான் அப்பாவு அதிகம் வலியுறுத்திய இடம். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒரே சரியான வடிவம் என்று எதுவும் இல்லை. பாடுகிறவர் மாற்றலாம், கூட்டலாம், தன் ஊர்ப் பிரச்சினையை உள்ளே வைக்கலாம். தம் பாடல்களையும் மக்கள் அப்படி மாற்றிப் பாட வேண்டும் என்றே அவர் விரும்பினார். அவருடைய பாடல்கள் ஒலிநாடாக்களிலும், கிராமங்களுக்குப் பணிக்குப் போன கல்லூரி மாணவர்கள் வழியாகவும் பரவின. ஒரு படைப்பாளி தன் படைப்பின் மேலுள்ள அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயமில்லை. பாட்டுக்கு உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு, பாடுகிறவர்தான் என்று அவர் விடை சொன்னார்.

சொல்லிலும் இதே வேலை நடந்தது. பரமண்டல ஜெபத்தை அவர் பேச்சுத் தமிழில் பாட்டாக்கியபோது, கடவுளைத் 'தந்தை' என்று அழைக்கவில்லை. பெற்றவர் என்ற பொருளில் ஊர்ச்சொல்லால் அழைத்தார். பெற்றவர் என்றால் தாயும்தான், தகப்பனும்தான். ஆண் கடவுளை மாற்ற நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஊர்ப்பேச்சிலேயே சொல் இருந்தது. ஜெபத்தில் வரும் அன்றாட உணவு, பங்கிட்டுத் தின்னும் சோறாக ஆனது.

மேற்கத்திய ஒத்திசைவையும் அவர் ஒதுக்கவில்லை. கிதாரும் கீபோர்டும் அவருடைய இசையில் பறையோடு சேர்ந்து ஒலித்தன. தூய நாட்டுப்புறம் என்று வேலி போடுகிறவர்களுக்கு இது உறுத்தலாம். நம் பார்வையில் இது மிகவும் நேர்மையான செயல். தலித் கிறிஸ்தவருக்கு மேற்கத்திய இசை அந்நியமில்லை. நான்கைந்து தலைமுறையாக அவர் பாடிவரும் இசை அது. பள்ளிக்கூடத்தோடும் விடுதியோடும் சேர்ந்து வந்தது. அதையும் தன் சொத்தாகக் கோருவதில் என்ன தவறு? அவர் செய்தது வரிசையை மாற்றியது மட்டுமே. இதுவரை பாமாலை உள்ளே இருந்தது, கீர்த்தனை உள்ளே இருந்தது, பறை வெளியே நின்றது. இப்போது பறை நடுவில் வந்தது. மற்றவை அதற்குத் துணை சேர்ந்தன. சாஸ்திரியார் காலத்தில் போட்ட முடிச்சு இங்கேதான் அவிழ்கிறது. தமிழ் மெட்டும் சமத்துவமும் ஒரே பாட்டில் ஒன்றாக நிற்க முடியும் என்று ஆனது. அந்தத் தமிழ் மெட்டு நம்முடைய மெட்டாக இருந்ததால்தான் அது முடிந்தது.

கிண்ணமும் உலையும்

அப்பாவுவின் சிந்தனையின் மையம் 'ஒரே உலை'. பல வீட்டு அரிசி ஒரு பானையில் வேகும். பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தின்பார்கள். நற்கருணையின் பொருள் இதுதான் என்றார் அவர்.

இதை அழகான உவமை என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடக் கூடாது. நம் நாட்டில் சாதி முதலில் அடுப்பில் இருக்கிறது. யார் சமைத்ததை யார் தின்னலாம், யார் கையால் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் அதன் அன்றாடச் சட்டம். தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை அதன் இன்னொரு வடிவம். தஞ்சைச் சபையில் பொதுக் கிண்ணத்தை மறுத்தவர்கள் இந்தச் சட்டத்தைத்தான் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே ஒரே உலை என்பது அந்தப் பழைய தகராறுக்கு, அன்று பேச விடப்படாதவர்கள் தரப்பிலிருந்து வந்த பதில். கிண்ணத்தில் ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். உலை வைக்க வேண்டுமென்றால் அரிசி கொண்டுவர வேண்டும், விறகு கொண்டுவர வேண்டும், வேகும்வரை கூட இருக்க வேண்டும். அரிசி இல்லாதவருக்கு ஏன் இல்லை என்ற பேச்சும் அங்கே வரும். நிலமும் கூலியும் பேச்சுக்குள் வந்துவிடும்.

எதிர்க்கேள்விகள்

இந்த இசையை நாம் கேள்வியில்லாமல் ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று கேள்விகள் நம் மத்தியிலேயே உண்டு.

முதலாவது, பறை பற்றியது. சாதி இந்துக்களின் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் மக்கள் ஊர் ஊராகப் போராடியிருக்கிறார்கள். அதற்காக அடிபட்டிருக்கிறார்கள். அப்படித் தூக்கியெறிந்த கருவியைப் பலிபீடத்தின் முன் வைப்பது பின்னோக்கிப் போவதாகாதா? தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கூச்சம் இன்றும் இருக்கிறது. அதைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. நாம் சொல்வது இதுதான்: மறுக்கப்பட்டது கட்டாய ஊழியம். யாருக்காக, யார் சொல்லி, என்ன கூலிக்கு அடிப்பது என்பதை அடிப்பவர் முடிவுசெய்யும்போது அதே தோல், அதே அடிக்குச்சி, அதே சுண்டுக்குச்சி வேறு கருவியாகிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையை எடுத்து ஆடுகிறார்கள். ஆண்களுக்கு மட்டும் என்றும் இழிவு என்றும் சொல்லப்பட்ட இரண்டையும் அவர்கள் ஒரே அடியில் மறுக்கிறார்கள். மறுப்பதும் மீட்பதும் ஒரே போராட்டத்தின் இரண்டு கட்டங்கள். எந்த ஊரில் எது தேவை என்பதை அந்த ஊர் மக்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நாட்டுப்புறம் பற்றியது. நாட்டுப்புறப் பாட்டெல்லாம் நல்ல பாட்டா? சாதிப் பெருமை பேசும் கதைப்பாடல் உண்டு. பெண்ணை இழிவுசெய்யும் பாட்டு உண்டு. ஆகவே மெட்டை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்ற விசாரணை கூடவே வர வேண்டும். மாற்றிப் பாடலாம் என்ற விதி அதற்கு வழிவிடுகிறது.

மூன்றாவது, மதம் பற்றியது. பாபாசாகேப் 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956இல் பௌத்தம் ஏற்றார். மதம் மாறிய தலித்துகளின் நிலை பற்றி எழுதும்போது, திருச்சபை அவர்களின் சமூக விடுதலைக்காகப் போராடவில்லை என்று கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனம் இன்றும் காலாவதியாகவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் சாதியைப் பிரித்துச் சுவர் நின்ற கதை நமக்குத் தெரியும். அப்பாவுவின் பாட்டு அந்தச் சுவரை இடித்துவிட்டது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அது அம்பேத்கரின் கேள்வியைத் திருச்சபைக்கு உள்ளேயிருந்து, ஞாயிறு வழிபாட்டின் நடுவிலேயே கேட்டது. அப்படிக் கேட்பவரை வெளியாள் என்று சொல்லித் தள்ள முடியாது.

நம் முன் உள்ள வேலை

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த வாசல் திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கும் தலித் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே இருக்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்கிறது. கல்லறைச் சுவர் இருக்கிறது என்கிறது. சட்டம் காணாததை இந்தப் பாட்டுகள் பதிவுசெய்திருக்கின்றன. நம் வழக்குக்கு அவையும் சாட்சி.

ஆகவே மாணவத் தோழர்களிடம் சில வேலைகளை ஒப்படைக்க விரும்புகிறோம். அப்பாவுவின் இசையை விரிவாக ஆராய்ந்து அமெரிக்க ஆய்வாளர் ஜோ ஷெரினியன் 2014இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். தமிழில் அதற்கு இணையான வேலை நம் கையால் நடக்க வேண்டும். ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போகின்றன. அவற்றைத் தேடி எடுத்து மின்வடிவமாக்குங்கள். அந்தப் பாட்டுகளைப் பாடிய பெண்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைப் பதிவுசெய்யுங்கள். மூலத்தோடு ஒப்பிட்டு 'தவறு' என்று திருத்தாதீர்கள். எந்த ஊரில் எந்த வரி மாறியது, ஏன் மாறியது என்று கேளுங்கள். அந்த மாற்றத்தில்தான் அந்த ஊரின் கூலித் தகராறும் குளத்துத் தகராறும் பதிந்திருக்கும்.

செயல்வீரர்களுக்கு ஒன்று. நம் கூட்டங்களில் பாட்டு என்பது பேச்சாளர் வரும்வரை நேரம் போக்க வைப்பதாக ஆகிவிட்டது. மேடையில் ஒருவர் ஒலிபெருக்கியில் பாடுகிறார், கீழே எல்லாரும் கேட்கிறார்கள். அப்பாவு போன வழி வேறு. கூட்டமே பாட வேண்டும். தெரியாதவரும் பாட வேண்டும். பாடி முடித்தபின் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும். நம் அமைப்புகளுக்குள்ளும் உட்சாதி பார்த்துத் தனித்தனியாக உட்காரும் வழக்கம் முளைக்கும் இந்தக் காலத்தில், பறையரும் பள்ளரும் அருந்ததியரும் ஒரே உலையில் அரிசி போடும் ஒரு நாளையாவது ஒவ்வொரு கிளையும் நடத்திப் பார்க்கட்டும். அடுத்த ஆண்டு இந்த நினைவு நாளில் எந்தெந்தக் கிளை அதை நடத்தியது என்று கேட்போம்.

ஜெய்பீம்!